தாளத்தின் மேல் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிம்பொனி இசையை டிஸ்கோ தாளத்தோடு கலந்து பெருந்திரளான ரசிகர்களுக்கு வழங்கும் போக்கைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த இரு வாசகர் கடிதங்களையும் படித்தேன். கடிதம் எழுதியவர்களில் ஒருவர் இது செவ்வியல் இசைக்கு நேர்ந்த இழுக்கு என்கிறார். மற்றவர், சிம்பொனி அரங்கின் படியேறிப் பழகாதவர்களை உள்ளே அழைத்துவரும் நற்பணி என்கிறார். எதிரெதிரே நின்று பேசினாலும் இருவரும் தாளம் ஒன்றைத்தான் பேசுகிறார்கள். அந்த இடைவிடாத தாளம் வந்ததால் இசை கெட்டது என்பது ஒருவர் கட்சி, வந்ததால் பிழைத்தது என்பது இன்னொருவர் கட்சி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக சிம்பொனி இசைக்குழுக்களில் வயோலா வாசித்துவருபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கலவையில் பெரும்பாலும் கெட்டுப்போவது காத்திருக்கும் பண்பு. அதைக் கெடுப்பது அவசரமே தவிர, தாளம் அன்று.

வயோலா, வயலினைவிடச் சற்றுப் பெரிய, சுருதி தாழ்ந்த கருவி. மெட்டு எங்களுக்கு அரிதாகவே வரும். மெட்டுக்கு அடியில் ஓடும் ஓட்டத்தைக் காப்பதுதான் எங்கள் வேலை. மொஸார்ட் 1788-இல் எழுதிய 40-ஆம் சிம்பொனியின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். உலகமே முணுமுணுக்கும் அந்த வயலின் மெட்டு அங்கே முதலில் வருவதில்லை. முதலில் கேட்பது வயோலாக்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து மெல்லிய குரலில் வாசிக்கும், நிலைகொள்ளாத, விரைந்த ஓட்டம். ஏற்கெனவே எங்கோ தொடங்கிவிட்ட ஒரு பதற்றத்துக்குள் நாம் தாமதமாக நுழைந்துவிட்டது போன்ற உணர்வை அந்த ஒரு கணம் தருகிறது. அதன் மேல்தான் மெட்டு வந்து உட்காருகிறது. ஆக, அந்த இசைக்குத் தனக்கென ஒரு துடிப்பு முதல் நொடியிலிருந்தே இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் அதற்குத் துடிப்பு ஊட்ட வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கலவை நிகழ்ச்சி ஒன்றில் வாசித்தேன். பன்னிரண்டு நிமிடங்களில் பதினொரு படைப்புகள் கோத்த ஒரு மாலை, அதன் நடுவே மொஸார்ட்டின் இந்தச் சிம்பொனி. என் தாளில் அந்த இடத்தைப் புரட்டிப் பார்த்தால் விரைந்த ஸ்வரங்கள் எவையும் இல்லை, நீண்டு நிற்கும் ஸ்வரங்கள் மட்டுமே இருந்தன. இசையை ஒழுங்கமைத்தவரிடம் காரணம் கேட்டேன். டிரம்ஸில் காலால் திறந்து மூடும் ஜோடித் தாளத்தட்டான ஹை-ஹாட் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது வயோலாக்களும் ஓடினால் இரண்டும் மோதி ஒலி கலங்கிவிடும் என்றார். தொழில் தெரிந்தவரின் பதில் அது. அவர் சொன்னது சரிதான். எங்கள் வேலையை ஹை-ஹாட் எடுத்துக்கொண்டது என்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் வயோலாக்களின் ஓட்டம் கலக்கத்தின் குரல், ஹை-ஹாட்டின் ஓட்டம் உறுதியின் குரல். வேகம் ஒன்றாக இருந்தும் பொருள் தலைகீழாகிவிட்டது. அரங்கம் கைதட்டியது. நாங்கள் வாசித்தது மொஸார்ட்டின் மெட்டு என்பதில் ஐயமில்லை. மொஸார்ட் சொன்ன செய்தி அதில் இல்லை என்பதிலும் ஐயமில்லை.

அதே நிகழ்ச்சியில் பீத்தோவனின் 5-ஆம் சிம்பொனியின் புகழ்பெற்ற நான்கு ஸ்வரங்களும் இருந்தன. அந்த நான்கில் கடைசி ஸ்வரத்தின் தலைக்கு மேல் பீத்தோவன் ஒரு நிறுத்தக் குறி இட்டிருக்கிறார். அது எத்தனை எண்ணிக்கைக்கு நீள வேண்டும் என்று அவர் எழுதவில்லை. நடத்துநரின் கை எப்போது இறங்குகிறதோ அதுவரை நீளும். நூறு பேர் ஒரு கையைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் கணம் அது, ஒவ்வோர் இரவும் வேறு வேறு அளவில் அமையும். கலவை நிகழ்ச்சியிலோ எங்கள் எல்லோருடைய காதிலும் சிறு ஒலிபெருக்கி செருகப்பட்டிருந்தது. அதில் 'டிக், டிக்' என்று கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். டிரம்ஸும் விளக்குகளும் திரையில் ஓடும் படங்களும் அந்த எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டவை என்பதால் யாரும் அதை நிறுத்த முடியாது. நிறுத்தக் குறி இருந்த இடத்தில் 'நான்கு எண்ணுக' என்று எழுதியிருந்தார்கள். நடத்துநர் கையை உயர்த்தியபோது அவரைப் பார்க்க வேண்டிய தேவை எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

இதைப் படிக்கும் முதல் கடிதக்காரர் நான் அவர் பக்கம் என்று எண்ணக்கூடும். இல்லை. டிஸ்கோவை அவர் 'இயந்திரத்தனமான குதியாட்டம்' என்று ஒரே வரியில் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. டிஸ்கோ பிறந்தபோதே அதன் உடலில் வயலின்கள் இருந்தன. 1970-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், சிக்மா சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில், கென்னத் கேம்பிள், லியான் ஹஃப் ஆகியோரின் தயாரிப்பில் உருவான பாடல்களைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். ஒவ்வோர் எண்ணிக்கையிலும் பேஸ் டிரம் விழ, இடையிடையே ஹை-ஹாட் திறந்து மூடும் அந்த வடிவத்துக்கு ஏர்ல் யங் என்ற டிரம்ஸ் கலைஞர் முன்னோடி. அவரைச் சுற்றி எம்.எஃப்.எஸ்.பி. என்ற பெயரில் இயங்கிய குழுவில் வயலின், வயோலா, ஹார்ன் வரிசைகள் முழுதாக இருந்தன. பாரி வைட்டின் லவ் அன்லிமிடெட் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த 'லவ்ஸ் தீம்' என்ற இசைத்துண்டு 1974-இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. பாடகர் எவரும் இல்லாமல், வயலின் வரிசை முன்னின்று மெட்டைச் சொல்ல, ஒரு நாடே அதைக் கேட்டு ஆடியது. அந்த வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர்கள் என் போன்ற கலைஞர்கள்தாம்.

டிஸ்கோவின் மேல் வந்த வெறுப்பு எல்லாமே இசை குறித்ததாக இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கறுப்பினத்தவரும், லத்தீன் அமெரிக்க வழியினரும், தன்பால் விருப்பினரும் கூடிய நடன விடுதிகளில் வளர்ந்த இசை அது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தக் காழ்ப்பின் மிச்சம் 'தரம்' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு இன்றும் நம் பேச்சில் புழங்குகிறது என்பது என் கருத்து.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. டிஸ்கோவும் காத்திருக்கத் தெரிந்த கலை. 1976-இல் சால்சோல் நிறுவனம் 12 அங்குல இசைத்தட்டைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியபோது, வால்டர் கிப்பன்ஸ் என்பவர் ஒரு பாடலை ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக நீட்டி அமைத்தார். குரலை எடுத்துவிடுவது, பிறகு வயலின்களை எடுத்துவிடுவது, தாளத்தை மட்டும் தனியே ஓடவிட்டு, ஆடுகிறவர்களை ஏங்கவைத்து, அதன் பிறகு விட்டவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருவது, இதுதான் அந்தக் கலையின் சூட்சுமம். கேட்பவர் தாளத்தில் சலிப்பதில்லை, அடுத்து எது திரும்பி வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

இப்போது பீத்தோவனின் அதே 5-ஆம் சிம்பொனிக்குத் திரும்புகிறேன். அதன் மூன்றாம் பகுதி முடிந்து நான்காம் பகுதி தொடங்கும் இடத்தில் இடைவெளி கிடையாது. எல்லாக் கருவிகளும் அடங்கிப்போகின்றன. நரம்பிசைக் கருவிகள் ஒரு ஸ்வரத்தை மிக மெல்லிதாகப் பிடித்து நிற்க, டிம்பனி என்னும் பெருமுரசு மட்டும் நெஞ்சுக்குள் தட்டுவது போலத் தட்டிக்கொண்டிருக்கிறது. ஐம்பது சுற்றுகள், அதாவது தாள அளவுகள், போல இந்த நிலை நீடிக்கிறது. பிறகு ஒலி கிடுகிடுவென ஏறி, அதுவரை அந்தச் சிம்பொனியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த டிராம்போன்கள் என்னும் பித்தளை ஊதுகருவிகள் முதன்முறையாக முழங்க, இருண்ட மைனர் சுருதி மறைந்து மேஜர் சுருதி வெடித்துக் கிளம்புகிறது. மற்றவற்றையெல்லாம் அடக்கி முரசை மட்டும் தனியே விடுவது, ஏங்கவைப்பது, பிறகு எல்லாவற்றையும் ஒருசேரத் திறந்துவிடுவது. 1808-இல் வியன்னாவில் முதலில் ஒலித்த ஒரு சிம்பொனியும், 1976-இல் நியூயார்க் நடன விடுதிகளில் சுழன்ற 12 அங்குலத் தட்டும் ஒரே சூட்சுமத்தை அறிந்திருக்கின்றன. ஆனால் பீத்தோவனை டிஸ்கோவாக்கப் புறப்பட்டவர்களில் நான் கேட்டவர்கள் எல்லோரும் முதல் நான்கு ஸ்வரங்களைத்தான் எடுத்தார்கள். தங்கள் கலைக்கு மிக நெருங்கிய உறவான இந்த இடத்தை யாரும் தொடவில்லை. அதை அடைய முப்பது விநாடி போதாது என்பதே காரணம்.

இந்த வகையில் வந்த பழைய முயற்சிகளைத் தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டுரையாளர் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார். பிரேசில் நாட்டவரான யூமிர் தியோதாத்தோ, ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'இவ்வாறு ஸரதுஸ்ட்ரா பேசினான்' என்ற படைப்பின் தொடக்கத்தை எடுத்து அமைத்த இசை 1973-இல் அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. சரியாகச் சொன்னால் அது டிஸ்கோவுக்கு முந்திய ஃபங்க் வகை. மூலத்தில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் சூரியோதயத்தை அவர் ஒன்பது நிமிடம் வரை விரித்தார். மூலத்தைச் சுருக்காமல் அதன் ஒரு விதையிலிருந்து வேறொரு மரத்தை வளர்த்தார் என்பதால் அவரை நான் மதிக்கிறேன். 1976 அக்டோபரில் வால்டர் மர்ஃபியின் 'எ ஃபிஃப்த் ஆஃப் பீத்தோவன்' அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டு 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தின் இசைத்தட்டிலும் இடம்பிடித்தது. மன்ஹாட்டன் இசைப் பள்ளியில் முறையாகப் பயின்ற மர்ஃபி, அந்த நான்கு ஸ்வர வடிவத்தைப் பற்றிக்கொண்டு, அதற்குப் பதில் சொல்லும் புதிய வரிகளைத் தானே எழுதினார். நிறுத்தக் குறியின் பெருமூச்சு அதில் போய்விட்டது என்பது உண்மை. எனினும் ஒரே படைப்போடு முழு நேரமும் இருக்கும் பொறுமை அவரிடம் இருந்தது.

பின்னர் 1981-இல் 'ஹுக்ட் ஆன் கிளாசிக்ஸ்' வந்தது. எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ராக் குழுவுக்கு நரம்பிசை அமைத்துக் கொடுத்த லூயி கிளார்க் நடத்த, தாமஸ் பீச்சம் 1946-இல் நிறுவிய ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. பிரிட்டனில் இரண்டாம் இடம், அமெரிக்காவில் பத்தாம் இடம். இன்று நடக்கும் கலவை நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே தாய் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஐந்து நிமிடங்களில் சைக்கோவ்ஸ்கியின் பியானோ கான்செர்ட்டோ (தனிப் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), ரிம்ஸ்கி கோர்சக்கோவின் வண்டுப் பறப்பு, மொஸார்ட், கெர்ஷ்வின், சிபேலியஸ், ஹேண்டலின் அல்லேலூயா, கிரீக், பிஸே என்று பத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கைதட்டல் ஒலியோடு கூடிய ஒரே தாளத்தின் மேல் ஓடி மறைகின்றன. ஒரு சுருதியிலிருந்து மறு சுருதிக்கு மூட்டுத் தெரியாமல் கடக்கும் கிளார்க்கின் கைத்திறன் உயர்ந்தது; அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் மூன்றெண்ணித் தாளத்தில் பிறந்த ஒரு மெட்டை நான்கெண்ணித் தாளத்தில் அமர்த்த வேண்டுமானால் ஸ்வரங்களை இழுத்தோ வெட்டியோதான் ஆக வேண்டும். சைக்கோவ்ஸ்கியின் அந்தக் கான்செர்ட்டோவின் கம்பீரமான தொடக்கம் மூன்றெண்ணிதான். மெல்லிய இடம் என்று எதுவும் இருக்க முடியாது, ஏனெனில் தாளம் மெல்லிதாவதில்லை. ஒரு கரு தோன்றி, மாறி, உடைந்து, திரும்பி வரும் வளர்ச்சிக்கு இடமே இல்லை. எல்லாம் வாசற்படிகள், வீடு ஒன்றுமில்லை.

இதில் பெரும் இழப்பு சிம்பொனிக்கு மட்டும் நேரவில்லை. டிஸ்கோவுக்கும் அதே இழப்பு நேர்ந்தது. அந்தக் கலை தன் உயிராகக் கொண்டிருந்த ஏக்கமும் மெதுவான பெருக்கமும் துண்டுகளைக் கோத்த இந்த மாலையில் இல்லை. இரண்டு கலைகளிலிருந்தும் எளிதில் எடுக்கக் கூடியதை எடுத்துச் சேர்த்தார்கள், ஒன்றிலிருந்து முகப்பை, மற்றொன்றிலிருந்து எண்ணிக்கையை.

நடனத்துக்காகப் பெரும் படைப்புகளைத் துண்டாக்குவது புதிய பழக்கமும் அன்று. வாக்னரின் மாபெரும் இசை நாடகங்களை அவரைப் போற்றிய ஃபிரெஞ்சுக்காரர்களே, ஷாப்ரியேயும் ஃபோரேயும் மெஸ்ஸாஜேயும், குவாட்ரில் நடன மெட்டுகளாக மாற்றி இருவர் சேர்ந்து வாசிக்கும் பியானோத் துண்டுகளாக எழுதினார்கள். வாக்னருக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

மாறாத தாளமே சிம்பொனி இசைக்குப் பகை என்ற வாதத்துக்கு ரவேல் 1928-இல் எழுதிய 'பொலேரோ' ஒன்றே போதிய மறுப்பு. ஸ்னேர் டிரம் ஒரே வடிவத்தைப் பதினைந்து நிமிடம் போல விடாமல் வாசிக்கிறது. வேகம் கூடக் கூடாது என்பதில் ரவேல் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்றால், விரைவாக நடத்திய டோஸ்கானினியோடு 1930-இல் அது குறித்து மோதவே செய்தார். தாளமும் வேகமும் மாறாமல் நிற்பதால் நம் காது கருவிகளின் நிறத்தையும் ஒலியின் பெருக்கத்தையும் நோக்கித் திரும்புகிறது. பீத்தோவனும் எண்ணிக்கைக்கு அஞ்சியவர் அல்லர். வேகத்தைத் தட்டி எண்ணிக் காட்டும் மெட்ரோனோம் கருவி வந்ததும் ஆர்வத்தோடு ஏற்று, 1817-இல் தம் எட்டு சிம்பொனிகளுக்கும் வேகக் குறிகளை வெளியிட்டார். 5-ஆம் சிம்பொனியின் முதல் பகுதிக்கு அவர் இட்ட எண் 108, அதாவது நிமிடத்துக்கு 108 சுற்றுகள். டிஸ்கோவின் வழக்கமான வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 முதல் 130 எண்ணிக்கைகள். ஆக, வேகத்திலும் இந்த இரண்டுக்கும் பகை கிடையாது.

இரண்டாவது கடிதக்காரரின் 'அழைத்து வருதல்' வாதத்துக்கு வருகிறேன். என்னிடம் வயோலா கற்கும் ஓர் இளைஞர் சிறுவயதில் இத்தகைய மாலை ஒன்றைக் கேட்டுத்தான் இந்த இசைக்கு வந்தார். ஆகவே அந்த வழி அடைபட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழுச் சிம்பொனியை முதன்முறை கேட்டபோது தமக்கு ஏற்பட்டது ஏமாற்றம் என்று அவரே என்னிடம் சொன்னார். தாம் அறிந்த மெட்டு வந்தது, சில நொடியில் போய்விட்டது, பிறகு இருபது நிமிடங்களுக்கு மேல் என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை, கைதட்டல் ஒலி எப்போது வரும் என்று காது தேடிக்கொண்டே இருந்தது என்றார். அந்த ஏமாற்றத்தைத் தாண்ட அவருக்கு ஓர் ஆசிரியரும் சில ஆண்டுகளும் தேவைப்பட்டன. மாலை அவருக்கு மெட்டுகளின் முகங்களை அறிமுகம் செய்தது. எதிர்பார்த்திருக்கும் பழக்கத்தை மட்டும் கொடுக்கவில்லை. அதை ஒரு நல்ல டிஸ்கோ இசைத்தட்டே அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்க முடியும் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2015-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி ப்ராம்ஸ் விழாவில், பீட் டோங் என்ற வானொலித் தொகுப்பாளரோடு ஜூல்ஸ் பக்லி நடத்திய ஹெரிட்டேஜ் இசைக்குழு நடன விடுதி இசையை வாசித்தது. அது எதிர்த்திசைப் பயணம், தாளத்தோடு பிறந்த இசையை இசைக்குழுவுக்குக் கொண்டுவந்தது. அங்கே வெட்டுப்பட எதுவும் இல்லை என்பதால் எனக்கு அது உவப்பாகவே இருந்தது, வயலின்கள் பல இடங்களில் சிந்தஸைசர் என்னும் மின்னணு இசைக்கருவி செய்த வேலையையே தடிப்பாக்கிச் செய்தன என்ற குறை இருந்தபோதிலும்.

இனி இந்தக் கலவையைச் செய்ய முன்வருபவர்களிடம் நான் வேண்டுவன அதிகமில்லை. ஒரு மாலைக்குப் பதினொன்று வேண்டாம், ஒரு படைப்பை எடுங்கள். அதற்குப் பத்து நிமிடமாவது கொடுங்கள். டிரம்ஸ் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தையும் எழுதுங்கள். காதில் கேட்கும் 'டிக்' ஒலியை ஓரிடத்திலாவது நிறுத்திவிட்டு நாங்கள் நடத்துநரின் கையைப் பார்க்க விடுங்கள். மொஸார்ட்டை எடுத்தால் வயோலாக்களின் ஓட்டத்திலிருந்தே தாளத்தை முளைக்க விடுங்கள். ஹை-ஹாட் வேண்டுமானால் அது எங்களுக்குப் பிறகு வரட்டும். பீத்தோவனை எடுத்தால் அந்த டிம்பனி காத்துக்கொண்டிருக்கிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் விமரிசனங்களில் கூட்டமும் விளக்குகளும் ஆரவாரமும் இடம்பெறுகின்றன. எந்தப் படைப்புகள் வாசிக்கப்பட்டன, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், இசையை ஒழுங்கமைத்தவர் யார், எந்த இடத்தில் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பவை இடம்பெறுவதில்லை. தட்டின் முகப்பில் லூயி கிளார்க்கின் பெயர் இருந்ததால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவருடைய வேலையை நாம் மதிக்கவும் மறுக்கவும் முடிகிறது. என் தாளில் வயோலாக்களின் ஓட்டத்தை எடுத்துவிட்டு நீண்ட ஸ்வரங்களை எழுதிய அந்த மனிதரின் பெயர் அன்றைய நிகழ்ச்சி நிரலில்கூட அச்சாகவில்லை. அடுத்த விமரிசனத்திலிருந்தாவது அந்தப் பெயர்களை அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வயோலா இசைக்கலைஞர் ஒருவர்